வீட்டுத் தயிரில் மெத்தென்ற வாஃபிள்: புளிப்பைப் பார்த்துச் சோடா போடும் முறை

வீட்டில் சுடும் வாஃபிள் பெரும்பாலும் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, மேலே சிவந்தும் உள்ளே பிசுபிசுவென்று வேகாத மாவாகவும் இருக்கும். இன்னொன்று, கடித்தால் ரப்பர் போல இழுக்கும். தயிர் ஊற்றிக் கரைத்த மாவில் இந்த இரண்டையும் தவிர்க்கலாம். ஆனால் வெளிநாட்டுச் செய்முறையில் இருக்கும் அளவை அப்படியே எடுத்து நம் வீட்டுத் தயிருக்குப் போட்டால் சரிவராது. அந்த அளவு டப்பாத் தயிருக்கு எழுதியது. அதன் புளிப்பும் கெட்டியும் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஈரோட்டிலோ தாராபுரத்திலோ சித்திரை மாதம் ராத்திரி உறை ஊற்றிய தயிர் விடிவதற்குள் புளித்துவிடும். அதே பாலில் அதே உறையை மார்கழியில் ஊற்றினால் காலை ஏழு மணிக்கும் சரியாகத் தோயாமல் தளதளவென்று நிற்கும். பசும்பால் தயிர் நீர்த்திருக்கும், எருமைத் தயிர் கத்தியால் வெட்டும் பதத்தில் இருக்கும். அதனால் தயிரைப் பார்த்துத்தான் சோடாவையும் பாலையும் முடிவு செய்ய வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

தேவையானவை

நான்கு பேர் காலை உணவுக்கு இந்த அளவு போதும். சிறிய சதுர வாஃபிள் என்றால் பத்து வரும், பெரிய வட்ட வாஃபிள் என்றால் ஐந்து.

மைதா – 200 கிராம்
கார்ன்ஃப்ளோர் – 30 கிராம் (தலைதட்டி 4 டேபிள்ஸ்பூன்)
சர்க்கரை – 20 கிராம்
உப்பு – ½ டீஸ்பூன்
பேக்கிங் பவுடர் – 1 டீஸ்பூன்
சமையல் சோடா – ½ டீஸ்பூன்
கெட்டித் தயிர் – 250 கிராம்
பால் – 120 மி.லி.
முட்டை – 2
உப்பில்லாத வெண்ணெய் – 80 கிராம்
ஏலக்காய்ப் பொடி ¼ டீஸ்பூன் அல்லது வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன்

டீஸ்பூன் என்றால் 5 மி.லி. அளவுக் கரண்டி, டேபிள்ஸ்பூன் என்றால் 15 மி.லி. டீ கலக்கும் கரண்டியால் சோடாவை அளக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வொரு அளவு, அரைக்கரண்டி வித்தியாசத்திலேயே வாஃபிள் சோப்பு வாடை அடித்துவிடும். மாவுக்குத் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் 240 மி.லி. கப்பில் மைதாவை அமுக்காமல் கரண்டியால் அள்ளிப் போட்டுத் தலைதட்டி ஒன்றரைக் கப்பும், அதற்கு மேல் ஒரு டேபிள்ஸ்பூனும் எடுங்கள். கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு வாரினால் கப்புக்கு 20, 30 கிராம் கூடுதலாக வந்துவிடும். வாஃபிள் கனத்துப் போவதற்கு இதுவே ஒரு பெரிய காரணம்.

கார்ன்ஃப்ளோர் மொறுமொறுப்புக்கு. அதில் பசைச்சத்து கிடையாது, மைதாவின் இழுவையை அது குறைத்துவிடும். வீட்டில் இல்லையென்றால் அதே 30 கிராம் நைசான அரிசி மாவு போடலாம். இன்னும் கொஞ்சம் கூடவே மொறுமொறுக்கும். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல, நிறம் வருவதும் அதனால்தான். அதற்காக 40 கிராமுக்கு மேல் போனால் வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கும். இனிப்பு வேண்டுமென்றால் தட்டில் வைத்த பிறகு பாகு ஊற்றிக்கொள்வதுதான் சரி.

வெண்ணெய்க்கு ஊத்துக்குளி வெண்ணெய் கிடைக்கிற ஊரில் இருப்பவர்களுக்கு வேறு யோசனையே தேவையில்லை. ஆனால் மத்தில் கடைந்த வெண்ணெயில் மோர் தங்கியிருக்கும். உருக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டால் மோர் அடியில் தங்கும், மேலே தெளிந்து நிற்பதை மட்டும் 65 கிராம் எடுங்கள். நெய் ஊற்றினாலும் அதே 65 கிராம் போதும். வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு, நெய்யில் தண்ணீரே இல்லை என்பதால் இந்தக் கணக்கு. ரிஃபைண்ட் எண்ணெய்க்கும் அதே 65 கிராம். செக்கு நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் இனிப்பு வாஃபிளில் தூக்கலாக மணக்கும். கார வாஃபிளுக்குக் கடலெண்ணெய் பொருத்தமாக இருக்கும். கடையில் உப்புப் போட்ட வெண்ணெய் வாங்கியிருந்தால் மாவில் போடும் உப்பைப் பாதியாக்கிவிடுங்கள்.

தயிரை எப்படிப் பார்ப்பது

முதலில் கெட்டி. ஒரு கரண்டி தயிரைச் சாய்த்தால் தொப்பென்று ஒரே கட்டியாக விழ வேண்டும். வழிந்து ஓடினால் அதில் தண்ணீர் அதிகம். மெல்லிய வேட்டித் துணியிலோ டீ வடிகட்டியிலோ 350 கிராம் தயிரைப் போட்டு 20 நிமிடம் வைத்து, வடிந்த பிறகு 250 கிராம் நிறுத்து எடுங்கள். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் ஊற்றலாம். அதையே வாஃபிள் மாவில் பாலுக்குப் பதிலாகச் சேர்த்தால் புளிப்பு ஏறிவிடும், சோடாக் கணக்கு தவறும். நேர்மாறாக, கத்தியால் வெட்டும் எருமைத் தயிர் அல்லது கடையில் விற்கும் கிரேக்கத் தயிர் என்றால் 170 கிராம் தயிரும் 80 மி.லி. பாலும் சேர்த்து அடித்து 250 ஆக்கிக்கொள்ளுங்கள். 120 மி.லி. பால் அதற்கு மேல் தனி.

அடுத்தது புளிப்பு. அரைக்கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள்.

உறைந்து சில மணி நேரமே ஆன இளந்தயிர், இனிப்பாகவே இருக்கிறது என்றால் சோடாவுக்கு அங்கே வேலை கிடையாது. ¼ டீஸ்பூன் சோடா, 1½ டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது தயிரில் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து, மேலே சொன்ன ½ டீஸ்பூன் சோடாவையும் 1 டீஸ்பூன் பவுடரையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நாக்கின் ஓரத்தில் லேசாகச் சுருக்கென்று இருந்தால் அதுதான் வாஃபிளுக்குச் சரியான தயிர். முந்தின நாள் காலை உறைந்து, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி இருந்த தயிர் பெரும்பாலும் இப்படி இருக்கும். ½ டீஸ்பூன் சோடா, 1 டீஸ்பூன் பவுடர்.

வாயில் வைத்ததும் கண்ணைச் சுருக்க வைக்கும் புளித்த தயிர் என்றால் சோடா ¾ டீஸ்பூன், பவுடர் ½ டீஸ்பூன், சர்க்கரை 10 கிராம் கூடுதல். இதற்கு மேல் புளித்ததை மோர்க்குழம்புக்கு வைத்துவிடுவது மேல். கசப்பு தட்டினாலோ, மேலே இளஞ்சிவப்பாகவோ பூஞ்சையாகவோ தெரிந்தாலோ எதற்கும் ஆகாது.

சோடா காரம், தயிர் அமிலம். இரண்டும் சேரும் இடத்தில் கரியமில வாயு கிளம்புகிறது. அந்தக் குமிழிகளைக் கெட்டியான மாவு பிடித்து வைத்துக்கொள்கிறது, சூட்டில் அவை விரியும்போது மாவு வெந்து இறுகுகிறது. வாஃபிள் இலேசாவது இப்படித்தான். ஏறக்குறைய 250 கிராம் நடுத்தரப் புளிப்புத் தயிர் ½ டீஸ்பூன் சோடாவைச் செலவழித்துவிடும். தயிரில் அமிலம் போதாமல் சோடா மிஞ்சினால் சோப்பு வாடையும் உள்ளே மஞ்சளித்த நிறமும் வரும், மேலே சீக்கிரம் கருக்கும். சோடா போதாமல் அமிலம் மிஞ்சினால் வாஃபிள் வெளுத்தே இருக்கும், எவ்வளவு நேரம் விட்டாலும் சிவக்காது. புளிப்பு நிறம் ஏறுவதைத் தடுத்துவிடும். நிறம் வரவில்லையே என்று சர்க்கரையைக் கூட்டுவதற்கு முன்னால் தயிரை நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது.

பேக்கிங் பவுடர் எதற்கு என்றால், சோடா கலந்த உடனே பொங்கி ஓய்ந்துவிடும். பவுடரில் ஒரு பகுதி சூடு பட்ட பிறகுதான் கிளம்பும். முதல் ஈடுக்கும் கடைசி ஈடுக்கும் நடுவே இருபது நிமிடம் ஆகும் வீட்டில் அந்த இரண்டாவது பொங்கல்தான் கைகொடுக்கும். மளிகைக் கடையில் நெடுநாள் திறந்து கிடந்த சோடாவும் பவுடரும் வீரியம் இழந்திருக்கும். சோடாவில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் சடசடவென்று நுரைக்க வேண்டும். பவுடரைச் சுடுதண்ணீரில் போட்டால் உடனே பொங்க வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வாங்குங்கள்.

கோடையில் வாஃபிளுக்கென்று தயிர் தோய்ப்பதானால், காலையில் உறை ஊற்றி, தோய்ந்ததும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பது பத்திரம். ராத்திரி உறை ஊற்றித் தூங்கிவிட்டால் விடியும்போது அது எந்தப் பக்கம் போயிருக்கும் என்று சொல்ல முடியாது.

முந்தின ராத்திரி செய்யலாம், ஆனால் பாதிதான்

மைதா, கார்ன்ஃப்ளோர், சர்க்கரை, உப்பு, பவுடர், சோடா எல்லாவற்றையும் ஒரு பெரிய போசியில் சலித்துக் கலந்து மூடி வைத்துவிடலாம். ஈரம் படாதவரை ஒன்றும் ஆகாது. தோசை மாவு போல எல்லாவற்றையும் கரைத்து ராத்திரியே வைத்தால் காலையில் குமிழியெல்லாம் அடங்கிப் பசையாகக் கிடக்கும்.

தயிர், பால், முட்டை மூன்றும் அரைமணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். சில்லென்ற தயிரில் உருக்கிய வெண்ணெயை ஊற்றினால் வெண்ணெய் அங்கங்கே வெள்ளைத் துணுக்காக உறைந்துவிடும். சுடும்போது அந்த இடம் மட்டும் உருகிக் குழியாகும், மற்ற இடம் வறண்டு அச்சில் ஒட்டும். மறந்துபோனால் தயிர்ப் போசியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள். முட்டையை மட்டும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உடைத்துப் பிரித்துவிடலாம். குளிர்ந்திருக்கும்போது மஞ்சள் கரு உடையாமல் தனியே வரும். பிரித்த பிறகு வெள்ளைக் கருவைச் சித்த நேரம் வெளியே வைத்தால் நுரை நன்றாக எழும்பும்.

நாமக்கல் கோழிப்பண்ணை முட்டை உடைத்த பிறகு சுமாராக 50 கிராம் இருக்கும், அந்தக் கணக்கில்தான் இரண்டு. நாட்டுக்கோழி முட்டை சிறியது, மூன்று போடுங்கள்.

மாவு கலப்பது

வேறெதையும் தொடுவதற்கு முன் வாஃபிள் மேக்கரைப் போட்டுவிடுங்கள். மாவு தயாராகும்போது அது காய்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது போசியில் தயிரைக் கட்டியில்லாமல் அடித்து, பால், மஞ்சள் கருக்கள், ஏலக்காய் அல்லது எசன்ஸ் சேர்த்துக் கலக்குங்கள். உருக்கி ஆறிய வெண்ணெயைக் கடைசியாக, கலக்கிக்கொண்டே மெல்லிய தாரையாக ஊற்றுங்கள்.

இதை மாவுப் போசியில் மொத்தமாக ஊற்றி, அகலமான கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வறண்ட மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்திவிடுங்கள். பதினைந்து சுற்றுக்கு மேல் தேவைப்படாது. பட்டாணி அளவுக் கட்டிகள் தெரியும், தெரியட்டும், அவை சூட்டில் கரைந்துவிடும். மாவு வழவழப்பாக வர வேண்டும் என்று நினைத்து அடித்துக்கொண்டே போனால் மைதாவின் பசைச்சத்து இழை பிடித்துவிடும். ரப்பர் வாஃபிள் பிறப்பது அங்கேதான். மிக்ஸி ஜாரில் போட்டு ஒரு சுற்று விடுவது மிக மோசம்.

ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும், மாவு ஈரத்தை உள்வாங்கும். பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். அந்த இடைவெளியில் வெள்ளைக் கருவை அடித்துவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கில்லாத எவர்சில்வர் போசிதான் வேண்டும். பிளாஸ்டிக்கில் எவ்வளவு தேய்த்தாலும் பிசுக்கு கொஞ்சம் தங்கிவிடும். பிசுக்கோ மஞ்சள் கருவின் ஒரு துளியோ கலந்திருந்தால் நுரை எழும்பாது. விஸ்க்கால் கையில் அடித்தால் நான்கைந்து நிமிடம், பீட்டரில் ஒன்றரை நிமிடம். விஸ்க்கைத் தூக்கினால் நுரை கூம்பாக நின்று நுனி மட்டும் வளைய வேண்டும். அதைத் தாண்டி அடித்துக்கொண்டே போனால் நுரை பஞ்சு பஞ்சாகப் பிரிந்து தண்ணீர் விடும், மாவில் சேராது.

மூன்றில் ஒரு பங்கு நுரையை முதலில் மாவில் போட்டுத் தாராளமாகக் கலந்து மாவை இளக்குங்கள். மீதியை இரண்டு தவணையாகப் போட்டு, நடுவில் வெட்டி, அடியில் துழாவி, மேலே மடித்துப் போசியைக் கால்வட்டம் திருப்புங்கள். அங்கங்கே வெள்ளைக் கோடு தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். பதம் இட்லி மாவு போல இருக்கும், கரண்டியிலிருந்து தயங்கித் தயங்கி விழும். சர்ரென்று ஓடினால் ஒரு டேபிள்ஸ்பூன் மைதாவைத் தூவி மடியுங்கள். கரண்டியை விட்டு விழவே மாட்டேன் என்றால் இரண்டு டேபிள்ஸ்பூன் பால்.

அவசரமான காலையில் முட்டையைப் பிரிக்காமல் முழுதாகவே அடித்து ஊற்றலாம். நன்றாகவே இருக்கும். ஆனால் பிரித்து அடித்ததில் கிடைக்கும் காற்றோட்டம் அதில் வராது.

மேக்கரும் மின்சாரமும்

ஆழமான குழி அச்சு, ஆழமில்லாத அச்சு என்று இரண்டு வகை. ஆழமான குழி பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் வகை. 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. தயிர் மாவுக்கு அதுதான் தோது, மேலே மொறுமொறுப்பும் உள்ளே மெத்தென்றும் இரண்டும் கிடைக்கும். ஆழமில்லாத அச்சில் பிஸ்கட் பக்கம் சாய்ந்துவிடும்.

நம் ஊரில் விற்பவை பெரும்பாலும் 700 முதல் 1000 வாட். பச்சை விளக்கு எரிந்ததும் ஊற்றிவிடாதீர்கள். அது அணைந்து மறுபடி எரியும் வரை, மொத்தத்தில் ஏழெட்டு நிமிடம், மூடியே வையுங்கள். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமங்களில் வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் 200 ஆனால் சூடு கால் பங்கு குறைந்துவிடும், ஏனென்றால் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தே சூடு குறைகிறது. அப்படிப்பட்ட வேளையில் ஒவ்வொரு ஈடுக்கும் நடுவே மூடியைப் போட்டு ஒன்றிரண்டு நிமிடம் அச்சு மறுபடி காயவிட வேண்டும். கிரைண்டரையும் இதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருக வேண்டாம்.

புது மேக்கர் என்றால் அச்சை ஈரத்துணியால் துடைத்து, காலியாக ஐந்து நிமிடம் காயவிடுங்கள். லேசாகப் புகையும், வாடையும் வரும். முதல் வாஃபிளைத் தின்னாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடுப்பில் வைக்கும் வார்ப்பு வாஃபிள் அச்சு வைத்திருப்பவர்கள், அதையும் தோசைக்கல்லைப் பழக்குவது போலவே எண்ணெய் தடவிப் பழக்கி, இரண்டு பக்கமும் காயவைத்து, நடுத்தரத் தீயில் பக்கத்துக்கு இரண்டு, இரண்டரை நிமிடம் திருப்பிப் போட்டுச் சுடலாம். மாவு ஊற்றியதும் மூடிப் பத்து நொடியில் ஒருதரம் திருப்பிவிட்டால் இரண்டு பக்கக் குழியும் நிறையும்.

சுடுவது

முதல் ஈடுக்கு முன் எண்ணெய்த் துணியாலோ பிரஷ்ஷாலோ குழிகளின் ஓரம் வரை லேசாகத் தடவுங்கள். அப்புறம் இரண்டு ஈடுக்கு ஒருதரம் போதும். டின்னில் வரும் ஸ்பிரே எண்ணெய் நான்ஸ்டிக் மேல் பிசினாகப் படிந்து, கொஞ்ச நாளில் எல்லாமே ஒட்டத் தொடங்கும், அது வேண்டாம்.

சிறிய சதுர அச்சுக்கு 70 மி.லி., பெரிய வட்டத்துக்கு 150 மி.லி. மாவு. நடுவில் ஊற்றி, ஓரத்தில் ஒரு செ.மீ. விட்டுப் பரப்புங்கள். மூடி அமுங்கும்போது மாவு தானே ஓரத்துக்குப் போய்விடும். குறைவாக ஊற்றினால் மேல்பக்கம் அச்சில் படாமல் வெளுத்துப் போகும்.

மூடிய அரை நிமிடத்தில் ஓரங்களில் ஆவி பீறிடும். பார்க்க வேண்டியது அந்த ஆவியைத்தான். மாவிலிருக்கும் தண்ணீர் வெளியேறிக்கொண்டிருக்கும் வரை வாஃபிள் உள்ளே ஈரம், மேலே தொளதொளப்பு. முதலில் வெள்ளையாகப் புகையும், பிறகு மெலியும், கடைசியில் ஓரத்தில் இழை போல ஒன்றிரண்டு தெரியும், சத்தமும் அடங்கும். இதற்கு நான்கிலிருந்து ஐந்தரை நிமிடம் ஆகும். அதுவரை மூடியைத் தூக்கிப் பார்க்கவே கூடாது. பாதி வெந்த வாஃபிள் மேல் அச்சிலும் கீழ் அச்சிலும் ஒட்டிக்கொண்டு நடுவில் இரண்டாகக் கிழியும், அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வதற்குள் மீதி மாவு அடங்கிவிடும். ஆவி நின்ற பிறகு மூடியை மெல்லத் தூக்குங்கள். இழுத்துப் பிடித்தால் பலவந்தம் செய்யாமல் இன்னும் முக்கால் நிமிடம் விடுங்கள், தானாகவே விட்டுக்கொடுக்கும். பச்சை விளக்கு மாவு வெந்ததைச் சொல்லாது, அச்சின் சூட்டை மட்டும்தான் சொல்லும்.

எடுக்க மரக்கரண்டி அல்லது சிலிக்கான் கரண்டி. முள்கரண்டியால் குத்தி எடுத்தால் நான்ஸ்டிக் போயிற்று.

எடுத்ததும் ஹாட்பாக்ஸில் போடாதீர்கள். இட்லிக்கும் சந்தகைக்கும் (இடியாப்பம் போன்றது) பழகிய கை தானாகவே ஹாட்பாக்ஸைத் திறக்கும், ஆனால் வாஃபிளை அதற்குள் போட்டால் வெளியே வரும் ஆவி அதன் மேலேயே படிந்து, ஐந்தே நிமிடத்தில் ஈரத்துணி போலத் துவண்டுவிடும். வட்டலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதே கதிதான். காற்று கீழேயும் புகும்படி கம்பி வலைத் தட்டில் பரப்புங்கள். இல்லாவிட்டால் பலகாரம் வடிக்கும் ஓட்டைத் தட்டை ஒரு போசி மேல் வைத்து அதில் வையுங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் ஓடிஜி மின்னடுப்பை 100 டிகிரியில் வைத்து உள்ளே கம்பித்தட்டில் அடுக்கினால் இருபது நிமிடம் மொறுமொறுப்பு நிற்கும்.

எங்கே தவறுகிறது

மேலே மொறுமொறுப்பு, உள்ளே பிசுபிசு: அச்சு அதிகச் சூடு அல்லது மாவில் சர்க்கரை அதிகம். சூட்டு அளவைத் திருகும் வசதி இருந்தால் ஒரு படி குறைத்து ஒரு நிமிடம் கூட விடுங்கள். அதுவும் உதவவில்லையென்றால் தயிரில் தண்ணீர் அதிகமாக இருந்திருக்கும்.

அச்சிலிருந்து எடுக்கும்போது விறைப்பாக இருந்து, தட்டுக்கு வந்ததும் துவண்டால் அது வேகவேண்டிய நேரம் போதாதது, வேறொன்றுமில்லை.

கனமாக, நெருக்கமாக வந்தால் மாவை அதிகம் அடித்திருப்பீர்கள், அல்லது நுரையை மடிக்காமல் கலக்கியிருப்பீர்கள், அல்லது பவுடர் பழையது. உடைத்து உள்ளே பாருங்கள். நீளநீளமான சுரங்கம் போல ஓட்டைகள் தெரிந்தால் அடித்ததுதான் காரணம். ஓட்டையே இல்லாமல் களி போல இருந்தால் பவுடர்.

நெய்யையும் வெண்ணெயையும் உடம்புக்கு ஆகாது என்று பாதியாக்கிவிட்டு ஒட்டுகிறதே என்று கேட்பவர்கள் நிறைய. அச்சிலிருந்து விடுபடுவதும் மொறுமொறுப்பதும் மாவுக்குள் இருக்கும் கொழுப்பால்தான். 50 கிராமுக்குக் கீழே போக வேண்டாம். வேண்டுமானால் ஒன்று குறைத்துச் சாப்பிடலாம்.

முட்டை சேர்க்காத நாளுக்கு

புரட்டாசியிலும் சனிக்கிழமையிலும் முட்டை தொடாத வீடுகள் கொங்கு நாட்டில் ஏராளம். முட்டையை எடுத்துவிட்டு, பாலை 180 மி.லி. ஆக்கி, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூனும் கார்ன்ஃப்ளோர் ஒரு டேபிள்ஸ்பூனும் கூட்டினால் நல்ல மொறுமொறு வாஃபிள் வரும். மெத்தென்ற தன்மை மட்டும் கொஞ்சம் குறையும். அதையும் விட மனமில்லை என்றால் வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் இருக்கிறது. உப்புப் போடாமல் வேகவைத்து, கடலையோடு ஃபிரிட்ஜில் ஆறவைத்து வடித்தால் கொழகொழவென்று கெட்டியாக இருக்கும். நீர்த்திருந்தால் அடுப்பில் சுண்ட வைத்து ஆற்றுங்கள். அதில் 4 டேபிள்ஸ்பூன் எடுத்துப் பீட்டரில் ஆறேழு நிமிடம் அடித்தால் வெள்ளைக் கரு போலவே நுரைத்து நிற்கும், அதே மாதிரி மடிக்கலாம். கடலை வாடை சுட்டபின் தெரியாது. இந்த நுரை சேர்ப்பதானால் பால் 150 மி.லி. போதும். முட்டையில்லாத மாவு இறுக நேரமாகும், எப்போதையும்விட ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள்.

கம்பும் ராகியும்

200 கிராம் மைதாவில் 50 கிராமைக் கம்பு மாவாகவோ ராகி மாவாகவோ மாற்றலாம். கம்பு நன்றாக மொறுமொறுக்கும், லேசான கசப்பு நாட்டுச் சர்க்கரையோடு சேர்ந்தால் ருசி. பழைய கம்பு மாவு காறும், அரைத்த வாரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். ராகியில் நிறம் முதலிலேயே கருப்பு என்பதால் சிவந்ததா என்று கண்ணால் பார்க்க முடியாது, ஆவியைப் பார்த்தே எடுக்க வேண்டும். கோதுமை மாவு பாதிக்குப் பாதி போடலாம், 30 மி.லி. பால் கூடுதலாகக் குடிக்கும், பத்து நிமிடம் ஊறவும் வேண்டும்.

கார வாஃபிளுக்குச் சர்க்கரையை ஒரு டீஸ்பூனாக்கி, சீரகம், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 50 கிராம், ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை. வெங்காயத்தைப் பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு மாவைக் கெடுக்கும், எண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கி ஆறவைத்துச் சேருங்கள். பக்கத்தில் தேங்காய்த் துண்டும் வரமிளகாயும் போட்டு வறட்டிய பள்ளிபாளையம் சிக்கன் இருந்தால் அது காலை உணவோடு நிற்காது, மதியச் சாப்பாட்டையும் சேர்த்து முடித்துவிடும்.

தொட்டுக்கொள்ள

மேப்பிள் சிரப்பைத் தேடி அலைய வேண்டாம். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை, பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அதே சர்க்கரை, 100 கிராமுக்கு 50 மி.லி. தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, மண் தங்கும்படி வடிகட்டி, மறுபடி மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு இறக்குங்கள். சூட்டில் தண்ணீராகத் தெரியும், ஆறினால் தேன் பதம். இறக்கியதும் ஒரு சிட்டிகை உப்பும் ஒரு டீஸ்பூன் நெய்யும் விடுங்கள்.

சந்தகைக்கு ஊற்றுவது போலத் தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் இதற்கும் அருமையாகப் பொருந்தும். பொள்ளாச்சித் தேங்காய் ஒரு மூடியைத் துருவி, அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்த முதல் பால் மட்டும். கிண்ணத்தில் தனியே வைத்து, சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் தோய்த்துக்கொள்ள வேண்டும், மேலே ஊற்றிவிட்டால் மொறுமொறுப்பு போய்விடும். பூவன் பழத்தை வில்லையாக நறுக்கி நெய்யில் ஒரு நிமிடம் புரட்டி வைத்தால் அதன் புளிப்பு இனிப்பை மட்டுப்படுத்தும்.

மிச்சமானால்

கரைத்த மாவு மிஞ்சினால் மதியம் வரை வைத்துச் சுட நினைக்காமல், அப்போதே குழிப்பணியாரக் கல்லில் ஊற்றிவிடுங்கள். வாஃபிளாகவே மிஞ்சினால், கம்பித்தட்டில் முழுக்க ஆறவிட்டு, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, காற்றுப் புகாத கவரில் ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஒரே நாளில் வறண்டு விறைத்துவிடும். எடுத்ததும் பனி விடக் காத்திருக்காமல் அப்படியே டோஸ்டரிலோ, காய்ந்த தோசைக்கல்லில் சிறு தீயில் பக்கத்துக்கு இரண்டு நிமிடமோ சுடவையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், துவண்டுவிடும். அதற்காகவென்றே கூடுதலாகச் சுட்டு வைப்பவர்கள், நிறம் முழுக்க ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, ஆனால் ஆவி அடங்கிய பிறகு, எடுத்துவிட்டால் மறுபடி சுடும்போது கருகாது.

மேக்கரை பிளக்கிலிருந்து உருவி, வெதுவெதுப்பு இருக்கும்போதே ஈரத்துணியால் துடையுங்கள். ஓரத்தில் காய்ந்த மாவு மேல் ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்தால் ஊறி வந்துவிடும். குழாயடியில் காட்டக் கூடாது.